காற்றை இறக்குதல்

கேப்பர் மலையை மலை என்றால்
சேலத்து ஆள் சிரிப்பான்.
நூறடி, கூடினால் இன்னும் கொஞ்சம்.
ஆனாலும் மாசி ஞாயிறு, காலை ஐந்தரைக்கு
கடைசி கியரில், நாக்கு வறண்டு,
சிறைச்சாலை மதிலோரம் ஏறும்போது
அது மலைதான்.

கோபுரத்துக் காவலர் டார்ச் அடித்தார்.
"எங்க?"
"தாழங்குடா."
"அதுக்கு ஏன் மேல வர்றீங்க?
கீழயே ரோடு இருக்கே."
சகாயராணிக்கு மூச்சு வாங்கியது.
நான் பதில் யோசித்து முடிக்குமுன்
வெளிச்சம் வேறு பக்கம் போய்விட்டது.

என் வண்டி
ஆரோவில்காரர் ஒருவர் விசா முடிந்து விற்றுவிட்டுப் போனது.
கைப்பிடி, கிடாக்கொம்பு மாதிரி வளைந்து இறங்கும்.
மணி கிடையாது. ஸ்டாண்டு கிடையாது.
"முப்பத்தெட்டாயிரம் குடுத்திருக்க,
ஒரு அரிசி மூட்டை வைக்க எடமில்லயே"
என்றார் மஞ்சக்குப்பம் பஞ்சர் கடை நசுருதீன்.
டயரை மட்டும்
இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

முந்திரி பூத்திருந்தது.
இருட்டில் அந்த வாசனையில்தான் வளைவு எங்கே என்று தெரியும்.
சருகுக்குக் கீழே சரளை,
சரளைக்குக் கீழே போன ஐப்பசி அறுத்த பள்ளம்;
கண்ணுக்கு முன்னால் மணிக்கட்டு கண்டுபிடித்துவிடும்.
தானே புயலில் சாய்ந்து
சாய்ந்த வாக்கிலேயே துளிர்த்த மரம் ஒன்று
பாதைக்குக் குறுக்கே.
குனிந்தேன். போதவில்லை.
ஹெல்மெட்டில் டொக்கென்று ஒரு கிளை.
பின்னால் சிரிப்பு, பிறகு அவளுக்கும் டொக்.

இறக்கம் மூன்றே நிமிடம்.
பிரேக்கை இறுக்கினால் சறுக்கும், விட்டால் பறக்கும்.
வாரம் முழுக்க அடுத்தவர் எலும்புகளை
எக்ஸ்ரே எடுப்பவள் சகாயராணி,
எனக்கு முன்னால் கையை விட்டுப் போகிறாள்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்.
ஒரே காலையில் எத்தனை கல்யாணம் என்று
வாழைமரங்களுக்கே தெரியாது.
மாலையும் கழுத்துமாய் நிற்கும் ஜோடிகளுக்கு நடுவே
செம்மண் பூசிய இரண்டு பேர் வண்டியைத் தள்ளிப் போகிறோம்.
"அக்கா, அஞ்சே நிமிஷம்" என்று
போட்டோகிராபர் என் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.
மாப்பிள்ளைக்கு சீட்டில் கால் எட்டவில்லை.
பெண் கூறைப்புடவையைத் தூக்கிச் செருகி
சங்கிலியை எட்டிப் பார்த்தாள்.
"கியர் எத்தன?"
"பதினொண்ணு."
"பதினொண்ணாவதுல எனக்கு கவர்மெண்டு குடுத்ததுல
ஒண்ணுகூட இல்ல.
அதுலயே நெல்லிக்குப்பம் வரைக்கும் போவேன்"
என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள்.
அவருக்கு அது புதுச் செய்தி போலிருந்தது.
யாரோ தூவிய அட்சதை
எங்கள் மேலும் விழுந்தது.

பிறகு கெடிலக் கரை. சல்லி, குழி, ஆகாயத்தாமரை,
தூண்டிலோடு உட்கார்ந்து நிமிராத ஒருவர்.
தேவனாம்பட்டினம் தாண்டி, சவுக்குத் தோப்பில்
சாலை மணலாகி விட்டது.
சக்கரம் புதைந்தது. இறங்கினோம்.
"காத்த எறக்கு" என்றாள்.
இரண்டு டயரிலும் வால்வை அழுத்திப் பிடித்தேன்.
நேற்று மாலை முழுக்க நசுருதீன் கடையில்
அளந்து அளந்து ஏற்றிய காற்று
உஸ்ஸென்று போயிற்று.
கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்கும் அளவுக்கு.
இப்போது மணல் விழுங்கவில்லை,
மிதிக்க விட்டது.

பெண்ணையாற்று முகம்.
இதற்கு மேல் வழியில்லை.
ஆறு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம்,
நடுவில் படகுகளும் ஒரு நாயும்.
அலையில் முன்சக்கரத்தை விட்டேன்.
கேப்பர் மலை கொஞ்சம்
சிவப்பாய் ஒரு முழம் கரைந்து
காணாமல் போனது.
ஒவ்வொரு மழைக்கும் ஓடைகள் செய்கிற வேலைதான்.
நாங்கள் ஒரு கைப்பிடி.

திரும்பத் தார்ரோட்டுக்குக் கைப்பம்பு.
ஒரு சக்கரத்துக்கு நூற்றி இருபது அடி.
எண்பத்தி மூன்றில் எண்ணிக்கை விட்டுப்போனது,
முதலிலிருந்து.
"மேல வழியாவா?" என்றாள்.
"கீழயே ரோடு இருக்கே" என்றேன்.
அவள் ஹெல்மெட்டைத் தட்டினாள்.
ஓட்டைக்குள் சிக்கியிருந்த மஞ்சள் அரிசி ஒன்று
விழுவேனா என்றது.
வண்டியைத் திருப்பி வைத்திருந்தாள்,
மலைப்பக்கம்.