முட்டைக் கணக்கு

கினாங்கோப் மேட்டில் ஜூலைப் பனி
கோசு இலைகளின்மேல் உப்பாய்ப் பூத்திருக்கிறது.
நாளை பதினொரு மணிக்கு அடக்கம்.
அதற்குள் கதிகியாவின் அட்டையைப் பார்த்து
மூப்பர் முரியுகிக்கு நான் சொல்லியாக வேண்டும்:
பாடகர் குழு போகலாமா,
சபையின் ஊதாத் துணி பெட்டிமேல் விழலாமா,
இல்லை, ஒரு சின்ன ஜெபத்தோடு சரியா.

சட்டம் நான் போட்டதல்ல.
பெட்டகத்தின் சாவி மட்டும் என் கழுத்தில்.

மஞ்சள் அட்டை. மாதத்துக்கு ஒரு கட்டம்.
தசமபாகம் என்று மேலே அச்சு.
போன வருடம் ஜனவரியிலிருந்து
பதினெட்டு கட்டம்.
பதினெட்டும் முட்டை.

பால் சங்கம் இழுத்து மூடிக்கொண்டு போன வருடம் அது.
பாக்கி கேட்டுப் போனவர்களுக்குப்
பூட்டுதான் பதில் சொன்னது.
ஈஸ்டர் முடிந்து என் மேசைக்கு வந்தாள்.
"பத்தில் ஒன்று தருகிறேன்.
முதலில் அந்தப் பத்தைக் காட்டு" என்று சிரித்தாள்.
நான் சிரிக்கவில்லை.
ரசீதுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு
எப்படிச் சிரிப்பது?

அப்புறம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.
காணிக்கைப் பை வரும்போது
மூடிய கை உள்ளே போகும்,
விரிந்த கை வெளியே வரும்.
பார்க்கிறவர்களுக்கு அது போதும்.
எண்ணுகிறவளுக்குத் தெரியாதா?

இப்போது நினைவுக்கு வருகிறது செப்டம்பர்,
அறுப்பின் பண்டிகை ஏலம்.
மினிபஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற கிராகுதான் ஏலக்காரன்,
நைரோபிக்கு ஆள் கூப்பிடுகிற அதே தொண்டை.
உருளைக்கிழங்கு மூட்டைகள் போயின.
ஒரு கிடாய், விலை படியாமல் இரண்டுமுறை கத்திவிட்டுப் போனது.
கடைசியில் ஒரு கைக்குட்டை.
பிரித்தால், ஒரே ஒரு முட்டை.

கூட்டம் சிரித்தது. கதிகியாவும் சிரித்தாள்.
ஐம்பது ஷில்லிங்குக்கு ஒருவர் எடுத்தார்,
"சபைக்கே" என்று மேசையில் திருப்பி வைத்தார்.
எண்பது. மறுபடி மேசை.
நூற்றிருபது. இருநூறு. இருநூற்றைம்பது.
முந்நூற்றறுபது என்றபோது
கிராகு அதைக் குழந்தையைப்போல் இரண்டு கையிலும் ஏந்தினான்.
நானூறுக்கு எடுத்தது நான்.
திருப்பி வைக்கவில்லை.
இரவு அவித்து, உப்புத் தொட்டுத் தின்றேன்.

ஆயிரத்து நானூற்று அறுபது.
"ஏலம், இதர வரவு" என்று
என் கையெழுத்தில் கிடக்கிறது, பேரில்லாமல்.

விளக்கைத் தூண்டிவிட்டு வகுத்தேன்.
பதினெட்டால் வகுத்தால் எண்பத்தொன்று,
மிச்சம் இரண்டு.
கட்டம் கட்டமாக எழுதினேன்:
எண்பத்தொன்று, எண்பத்தொன்று.
பாதியில் மை தீர்ந்தது.
மிச்சத்தைப் பச்சையில் எழுதினேன்.
எந்தக் குருடனுக்கும் தெரியும்
ஒரே ராத்திரியில் எழுதியது என்று.

அநீதியுள்ள உக்கிராணக்காரன் ஒருவனைப்பற்றி
பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன்.
எஜமான் அவனை மெச்சினாராம்.
ஏன் என்று எந்தப் போதகரும்
எனக்குப் புரியச் சொன்னதில்லை.

விடியலில் முரியுகி வந்தார்.
கம்பளித் தொப்பியைக் கழற்றாமலே பார்த்தார்.
நீலம் பார்த்தார், பச்சை பார்த்தார்.
"பணம் கொடுத்தது ஏழு பேர்.
அவள் கொடுத்தது முட்டைதானே?"
"கோழி யாருடையது, மூப்பரே?"

பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி
ஏலத் தாளில் விரலை ஓட்டினார்.
மூன்றாவது வரியில் விரல் நின்றது.
நூற்றிருபது. அவருடைய பேர்.
அன்று வயிறு குலுங்கச் சிரித்தவர்களில் அவரும் ஒருவர்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்:
"மிச்சம் இரண்டு ஷில்லிங்?"

எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை என்றேன்.
கையெழுத்துப் போட்டார்.
துணிக்கு இஸ்திரி போடச் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த இரண்டை
இதர வரவிலேயே விட்டு வைத்திருக்கிறேன்.