மேசைக்கால் மான்

முதல் மானை நிஸ்தாரிடம் காட்டியபோது
கிண்ணியா பஸ் புறப்பட நாலு நிமிடம் இருந்தது.
சில்லறையை எண்ணியபடியே பார்த்தான்.
"கால் நாலும் ஒரே தடிப்பு, ஒரே நேர்.
இது மான் இல்லை அக்கா, மேசை.
மேல ஒரு தலையை ஒட்டியிருக்கிறீங்க."
விசிலடித்தான். போய்விட்டான்.

திருகோணமலை பஸ் நிலையத்தில்
நேரம் எழுதுவது என் வேலை.
வந்த பஸ், போன பஸ், பிந்திய பஸ்,
பிந்தியதற்குக் காரணம்.
ஒவ்வொரு தாளுக்கும் அடியில் இரண்டு கார்பன்.
மூன்றாம் பிரதியில் எழுத்து விழாவிட்டால்
டிப்போவிலிருந்து ஆள் வரும்.
பதினாறு வருடம் அழுத்தி எழுதிய கை இது.

கோட்டைப் பக்கமிருந்து மான்கள் வரும்
பத்து மணி வெயிலில், யாரையும் கேட்காமல்.
மட்டக்களப்பு பஸ்ஸின் நிழலில் படுக்கும்.
வாழைப்பழத்தோல் தின்னும், நேற்றைய பேப்பர் தின்னும்.
ஒருநாள் என் கையொப்பமிட்ட தாளொன்றைத் தின்றது.
பறிக்கப் போனவள்
அதன் முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.
அன்று பின்னேரமே
பன்னிரண்டு நிறப்பென்சில் ஒரு பெட்டி,
மகனுக்கென்று கடையில் சொல்லி.
எனக்கு மகன் இல்லை.

கபிலத்தை எடுத்து ஒரேயடியாக அழுத்தினேன்,
மூன்று பிரதி விழுமளவுக்கு.
தாள் பளபளத்தது. மெழுகேறி வழுக்கியது.
அதற்குமேல் மஞ்சளும் ஏறவில்லை, செம்மஞ்சளும் ஏறவில்லை.
புள்ளி வைக்கப் போனால்
வெள்ளைப் பென்சில் அழுக்குச் சாம்பலாய்ச் சறுக்கியது.
"அம்மை போட்ட மாடு" என்றான் நிஸ்தார்
நாலாவது மானுக்கு.
இரண்டு நாள் அவனுக்கு ஒன்றும் காட்டவில்லை.
மூன்றாம் நாள் தானாகவே கேட்டான்:
"எங்கட வீட்ட பதினொரு ஆடு.
பின்னங்கால்ல பின்னுக்கு மடியிறது
முழங்கால் இல்லை அக்கா, குதிக்கால்.
முதல்ல அதைப் பாருங்க,
பிறகு பென்சிலை எடுங்க."

ஒரு கிழமை வெறும் கால்கள்.
பிழைத்துப்போன டிக்கெட்டுகளின் முதுகில்,
ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் நடுவில்
ஏழு நிமிடத்தில் ஒரு கால்.

பென்சிலின் வாலைப் பிடித்தேன்.
தூசி படிகிற மாதிரி, அவ்வளவுதான்.
மஞ்சள் ஒரு பூச்சு, செம்மஞ்சள் ஒரு பூச்சு,
கபிலம் கடைசியில்.
எங்கிருந்தோ தோல் வந்தது.
புள்ளி என்பது வைப்பதல்ல,
அதை விட்டுவிட்டு மற்றதைத் தீட்டுவது.
இதை நிஸ்தார் சொல்லவில்லை.
ஒன்பதாவது மானின் பாழான முதுகு சொன்னது.

பதினாலாவது, தரையில் நிற்காமல் மிதந்தது.
கந்தளாய் பஸ் ஜினதாச ஒன்றும் பேசாமல்
தன் பிளேன்டீக் கோப்பையைத் தாளின்மேல் வைத்து
நிழலை விரலால் சுற்றிக் காட்டினார்.
கோப்பை எடுத்த இடத்தில் ஒரு வளையம்.
நிழலுக்குக் கறுப்பைப் போட்டேன்; குழி மாதிரி இருந்தது.
நாலு மணிக்கு வெளியே போய்த் தாரைப் பார்த்தால்
ஊதா.
ஓரத்தில் கொஞ்சம் நீலமும்.
பதினாறு வருடம் அதன்மேல் நடந்திருக்கிறேன்.

இப்போது கபிலம் நகத்தளவுதான்.
வெள்ளை வாங்கிய நீளத்திலேயே கிடக்கிறது.

நேற்று இருபத்திரண்டாவதைக் கொடுத்தேன்.
நிஸ்தார் சில்லறை எண்ணுவதை நிறுத்தினான்.
எட்டத்தில் பிடித்தான், கிட்டத்தில் பிடித்தான்.
காதைத் தொடப்போன விரலை
இடையில் எடுத்துக்கொண்டான்.
"கண்டக்டர், போற எண்ணம் இல்லையா?"
உள்ளே யாரோ கத்தினார்கள்.

கிண்ணியா பஸ் மூன்று நிமிடம் பிந்திப் புறப்பட்டது.
எழுதினேன், இரண்டு கார்பன் வைத்து.
காரணம் என்ற கட்டத்தில் மட்டும்
பேனையை வைக்காமல்
வெள்ளையாக விட்டேன்.

வளைவில் திரும்பும்போது
மிதிபலகையிலிருந்து தலையை நீட்டினான்:
"வலப்பக்கப் பின்னங்கால்
இன்னும் மேசைதான்!"