மூன்றாம் படி

எங்கள் கோபுரத்துக்குத் தரையில் வாசல் கிடையாது.
இரண்டு ஆள் உயரத்தில் ஒரு பொந்து,
அதற்கு ஓர் ஏணி.
ஏறியதும் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்.
ஸ்வானேத்தியில் தலைமுறை தலைமுறையாக
உயிர் பிழைத்தது இப்படித்தான்.
பழிக்கணக்குத் தீரும்வரை
ஆண்கள் உள்ளே தாடி வளர்த்தார்கள்,
பெண்கள் வெளியே வாற்கோதுமை அறுத்தார்கள்.

எனக்குப் பகை என்று ஒருவன்தான்.
இவ்லியானே.
அவன் வேனில்தான் கேலாவை ஏற்றினோம்,
குடல்வால் வெடித்து, மெஸ்தியா ஆஸ்பத்திரிக்கு.
பாதி வழியில் மலை ஒரு கல்லை விட்டது.
கல் கேலா பக்கத்துக் கண்ணாடியைத் தேர்ந்துகொண்டது.
இவ்லியானேக்கு முழங்கையில் ஒரு கீறல்.

அடக்கத்தில் பாதிரியார் அந்தோன்
தேவனுக்கு எதிலும் ஒரு நோக்கம் உண்டு என்றார்.
நான் அவர் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
இடது காலில் வார் அறுந்து, கம்பி கட்டியிருந்தது.
நோக்கம்.
பசு உப்புக்கட்டியை நக்குவதுபோல
ஏழு மாதம் அந்தச் சொல்லை நக்கிப் பார்த்தேன்.
கரையவில்லை.

ஜெபத்தை விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.
மெழுகுவத்தி ஏற்றினேன், மண்டியிட்டேன்.
வீட்டைக் காத்தருளும், பசுவைக் காத்தருளும்,
எவரும் என் அருகே வராதபடி காத்தருளும்.
எங்கள் வெள்ளித்தகட்டில் புனித கியோர்கியின் ஈட்டி
பாம்பைக் குத்துவதில்லை,
ஒரு மனிதனைக் குத்துகிறது.
அந்த மனிதனுக்கு
இவ்லியானேயின் மூக்கு இருப்பதாக எனக்குப் பட்டது.
அதற்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன்.

மார்ச்சில் பனி ஈரமாகிக் கனத்தது.
மேல் சரிவு மூன்று நாளாக முனகிற்று.
படத்தையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு
கோபுரத்தில் ஏறினேன்.
ஏணியை இழுத்துக்கொண்டேன்.
பனிச்சரிவு ஏணி ஏறி வராது, தெரியும்.
கை தானாகச் செய்தது.

அது வந்தபோது சத்தமே இல்லை முதலில்,
காதுக்குள் ஓர் அழுத்தம்.
பிறகு ஊர் நாய்கள் அத்தனையும் ஒரே சமயம் நிறுத்தின.
பிறகுதான் சத்தம்.

கற்கள் அசையாமல் நின்றதும் பொந்து வழியே பார்த்தேன்.
கீழே ஒரு டார்ச்.
இவ்லியானே, முதுகில் அவன் மகள் ம்ஸியா,
அவள் காலில் ஒன்றுமில்லை.
அவன் வீடு இருந்த இடத்தில் வெள்ளை.
அவன் கூப்பிடவில்லை.
காற்றுப் படாத பக்கமாகச் சுவரில் ஒட்டி நின்றான்,
மாடு நிற்பதுபோல.
கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்,
அதற்கான வார்த்தைகளை எண்ணெய் போட்டு வைத்திருந்தேன்.

ஆண்டவரே, இதற்காகவா?
இதற்காகத்தான் என்றால் எனக்கு வேண்டாம்.
ஒரு சிறுமியின் பாதத்துக்கு
என் புருஷனைக் கணக்கில் எழுதாதேயும்.
நான் செய்த ஜெபங்களிலேயே
அது ஒன்றுதான் ஆண்டவரைப் பார்த்துச் செய்தது.
பதில் வரவில்லை.
கீழே குழந்தை தும்மியது.

அந்த ஏணி இரண்டு பேர் இறக்கும் ஏணி.
தனியாகத் தள்ளினேன்.
அது நழுவி அவன் தோளில் இடித்தது.
நான் வருத்தப்படவில்லை.
அவன் கால் வைத்ததும்தான் நினைவு வந்தது:
கேலா சரிசெய்கிறேன் சரிசெய்கிறேன் என்றே போனான்.
ஏழு மாதத்தில் இவ்லியானேயிடம் நான் பேசிய முதல் பேச்சு
"மூன்றாம் படியை மிதிக்காதே."

ம்ஸியாவுக்குக் கேலாவின் கம்பளிக் காலுறை
தொடைவரை வந்தது.
அவன் படத்துக்கு நேர் கீழே உட்கார்ந்து
ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அழுதான்.
மெழுகு வெளிச்சத்தில் பார்த்தேன்.
ஈட்டி குத்திய மனிதனின் மூக்கு
யார் மூக்கு மாதிரியும் இல்லை.
வெள்ளி அங்கே தேய்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான்.

ஈஸ்டர் வாரத்தில் பாதிரியார் அந்தோன் வந்தார்,
இப்போது நோக்கம் புரிகிறதா மகளே என்றார்.
இல்லை பாதிரியாரே,
உங்களிடம் நாலு அங்குல ஆணி இருக்கிறதா?

ஏணி வெளியேதான் சாய்ந்திருக்கிறது.
கோழிகள் ஏறிப் போய்
உள்ளே முட்டையிட்டுத் தொலைக்கின்றன.