மட்டம்

மோட்டலின் மாநாட்டு அறை. காலை ஒன்பதரை.
இன்வெர்கார்கில் மழை நேராக விழுவதில்லை,
படுத்துக்கொண்டே வருகிறது,
சுவர்களோடு ஏதோ பழைய கணக்கு இருப்பதுபோல.
உரிமம் தந்த வாரியத்தின் சார்பில் நாங்கள் மூன்று பேர்.
எதிரே டெரிக் மக்காஸ்கில்,
இருபத்திரண்டு வருடமாக வீடு கட்டுகிறவர்.
இஸ்திரி போட்ட சட்டை.
நகத்தடியில் போகாத சிலிக்கோன்.

மெரியானா வைதிரி புகைப்படங்களை அப்புறம் காட்டினார்.
முதலில் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து
படுக்கையறைச் சுவருக்குள் இருந்த மரத்தில் ஒரு துண்டை
மேசைமேல் வைத்தார்.
கட்டைவிரலால் அழுத்தினார்.
பாலில் ஊறிய ரொட்டி மாதிரி உள்ளே போனது.
"குடிவந்து பதினான்கு மாதம்" என்றார்.
"மகன் இருமத் தொடங்கிப் பன்னிரண்டு."

ஆய்வாளர் அறிக்கையை வாசித்தார்:
ஈரமானியில் முப்பத்தெட்டு.
வெளியே சரிய வேண்டிய பால்கனித் தளம்
வீட்டைப் பார்த்துச் சரிகிறது.
போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஆணி,
ஆணி இருக்க வேண்டிய இடத்தில் பசை,
பசை இருக்க வேண்டிய இடத்தில்
பெயிண்ட்.

ஜன்னல்காரன், கூரைக்காரன், வரைபடம், அந்த வருட மரவிலை.
கடைசியில் காற்றையும் சாட்சிக்கு இழுத்தார் மக்காஸ்கில்.
சுவரில் செய்ததையே வாயாலும் செய்தார்:
பூசி மெழுகினார்.

மட்டம் பார்க்காத வேலை மட்டமான வேலை.
ஒரே நேரத்தில் ஆறு வீடு எடுத்துக்கொண்டு
பயிற்சிப் பையன்களிடம் தளத்தை விட்டுவிட்டு
மேற்பார்வைக்கு மட்டம் போட்டிருக்கிறார்.
"உங்களை மட்டம் தட்ட யாரும் இங்கே வரவில்லை"
என்று எங்கள் தலைவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.
ரசக்குமிழிக்கு மட்டும்தான்
இந்தச் சொல்லில் குழப்பம் இல்லை.

சட்டம் எங்களைக் கேட்பது ஒன்றுதான்.
தெரியாமல் செய்தாரா,
தெரிந்தும் கவனியாமல் விட்டாரா?
இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.
நானும் கட்டியவன்தான், முப்பது வருடம்.
என்மேல் புகார் வராததை
நல்ல வேலை என்று எண்ணிக்கொள்ளப் பழகியவன்.
பேனா நகரவில்லை.

தேநீர் இடைவேளை.
கோப்பையோடு ஜன்னலருகே போய் நின்றார் மக்காஸ்கில்.
சட்டத்தின் மூலையில் ஒரு சொட்டு
திரண்டு, யோசித்து, விழுந்தது.
கோப்பையை வைத்தார்.
விரலை விளிம்போரமாக ஓட்டினார்.
குனிந்து, தலையைச் சாய்த்து, கீழ்ப்பக்கம் பார்த்தார்,
டாக்டர் குழந்தையின் காதைப் பார்ப்பதுபோல அவ்வளவு கவனமாக.
"அடியில் தகடே இல்லை" என்றார், யாரிடம் என்றில்லாமல்.
"தண்ணீர் வெளியே போக வழியே விடவில்லை.
எந்த மடையன் கட்டினான் இதை?"

பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்த அறை
கடிப்பதை நிறுத்தியது.
மெரியானா அவரைப் பார்த்தார்,
முதல்முறையாக, கோபமில்லாமல்.
அது இன்னும் மோசமாக இருந்தது.
அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.
திரும்பி வந்து உட்கார்ந்தபோது
காது மடல்கள் சிவந்திருந்தன.

இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டேன்.

ஆறு மாதம் உரிமம் நிறுத்தம். விசாரணைச் செலவில் பாதி.
பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில்
மூன்று வருடம் இருக்கப்போகும் ஒரு வரி.
"சரி" என்றார் மெரியானா. "சுவர்?"
அதற்கு எங்களிடம் அதிகாரம் இல்லை,
வேறு மன்றம், வேறு படிவம், வேறு கட்டணம்
என்று தலைவர் விளக்கினார்.
மெரியானா டப்பாவை மூடினார்.
ஒரு மூலை சரியாகப் பொருந்தவில்லை,
மறுபடி அழுத்தி மூடினார்.

சாவியைக் கொடுக்கும்போது
வரவேற்பில் இருந்த பெண்ணிடம் ஜன்னலைப் பற்றிச் சொன்னேன்.
"ஓ, அதுவா" என்றாள்.
"எப்பவும் அப்படித்தான்.
ஆட்கள் போனதும்
ஒரு துண்டு போட்டுவிடுவோம்."