எழுபத்தொரு மணித்தியாலம்

இபூ என்று பெயர். பிரெஞ்சில் ஆந்தை.
தூரத்துத் தலையை ஒரே சூட்டில் எடுக்கும் துவக்கு.
விளையாட்டில் அதை அடைய இரண்டு வழி:
எழுபத்தொரு மணித்தியாலம்,
அல்லது பத்தொன்பது டொலர் தொண்ணூற்றொன்பது சதம்.
இரண்டு எண்ணையும் எழுதியவள் நான்.

மொன்றியலில், ரயில் பாதையோரம்,
பழைய தையல் தொழிற்சாலையின் நான்காம் மாடியில்
எக்செல் தாளில் வளைகோடு வரைவது என் வேலை.
முதல் ஐந்து படியும் சறுக்குமரம்,
ஆள் சிரித்துக்கொண்டே வந்துவிடுவார்.
ஆறாவதில் மெல்ல ஏற்றம்.
பன்னிரண்டில் மூச்சு வாங்கும்.
அந்த இடம் பார்த்துத்தான்
கடைக்கதவைத் திறந்து வைப்போம்.

ஏன் எழுபத்தொன்று?
அறுபது என்றால் ஆட்கள் விளையாடியே எடுத்துவிடுகிறார்கள்.
எண்பது என்றால் விளையாட்டையே அழித்துவிட்டுப் போகிறார்கள்.
நடுவில் மெல்லிய ஓர் இடம் உண்டு,
போகவும் மனம் வராது, பொறுக்கவும் முடியாது.
அதைக் கண்டுபிடித்த அன்று
எனக்காகக் கேக் வெட்டினார்கள்.

கஜீபன் மாலையில் எங்கள் மாடியைத் துடைப்பவன்.
பார்க் எக்ஸில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு.
குப்பைக்கூடைக்குப் புதுப்பை மாட்டியபடி சொன்னான்:
'அக்கா, இபூவுக்கு இன்னும் ஏழு மணித்தியாலம்தான்.
காசு குடுத்து வாங்கிறவங்களைக் கண்டாலே விசர் வரும்.
நான் விளையாடியே எடுப்பன்.'
அப்படியென்றால் அறுபத்து நான்கு முடித்திருக்கிறான்,
இரண்டு வேலைக்கு நடுவே,
கட்டில் விளிம்பில், சப்பாத்தும் கழற்றாமல்.
அன்று வெள்ளிக்கிழமை.

செவ்வாய் காலை ஆறு மணிக்கு
இபூவின் பல்லைப் பிடுங்கப் போகிறோம்.
ஒரு சூட்டில் விழுந்தவன் இனி மூன்று சூட்டில் விழுவான்.
அதே நிமிடம் கடைக்கு வேறொன்று வரும்,
அதற்கு மணித்தியாலமே கிடையாது,
விலை மட்டும்.
வெளியில் சொல்ல மாட்டேன் என்று
ஒன்பது பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
'கெதியா எடு' என்றேன்.
அவ்வளவுதான் வாயில் வந்தது.

திங்கள் காலைக் கூட்டத்தில் கேட்டுப் பார்த்தேன்:
நாற்பதாகக் குறைத்தால் என்ன?
ஜெனெவியேவ் கெட்டவள் அல்ல,
என் பிறந்தநாளை நான் மறந்தாலும் மறக்காதவள்.
'குறைத்தால் எத்தனை பேர் வாங்காமல் விடுவார்கள்?'
அதற்கும் தாளில் ஒரு நிரல் இருக்கிறது.
நிரப்பியதும் நான்தான்.

இரவு. வெளியே பனி அள்ளும் வண்டியின் உறுமல்.
ஒன்பதரைக்குக் கஜீபன் வீடு வந்தான்,
சனி ஞாயிறில் மூன்றுதான் முடிந்ததாம்.
இன்னும் நான்கு.

என் வளைகோட்டின் சந்துபொந்து எனக்குத் தெரியும்.
விழுந்து கிடக்கும் கூட்டாளியைத் தூக்கிவிட்டால்
கொல்வதைவிட இரண்டு மடங்கு புள்ளி.
வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் வைத்தது,
கொஞ்சம் நல்லவர்களாக இருக்கட்டுமே என்று.
எவரும் கவனிக்கவில்லை.

அவன் அணியில் சேர்ந்தேன்.
பாலத்தின் நட்டநடுவில் போய் நின்றேன்.
சுட்டார்கள், விழுந்தேன்.
ஓடி வந்து தூக்கினான்.
மறுபடியும் பாலத்துக்குப் போனேன்.

'அக்கா, அந்தச் சுவருக்குப் பின்னால நில்லுங்கோவன்.'
விழுந்தேன்.
'நீங்கள்தானே இந்த கேம் செய்தனீங்கள்?'
விழுந்தேன்.
'சத்தியமா, உங்களைப்போல மோசமா விளையாடுற ஆளை
நான் கண்டதே இல்லை.'
தூக்கிக்கொண்டே திட்டினான்,
திட்டிக்கொண்டே தூக்கினான்.
நாற்பதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

பதினொன்று நாற்பதுக்கு இபூ அவன் கையில்.
அவன் கத்திய கத்தலில்
யாரோ சுவரில் தட்டுவது எனக்கும் கேட்டது.
ஆறு மணித்தியாலம் இருபது நிமிடம்.
அதிலும் நாலு மணிக்கு அவனுக்குப் பேக்கரியில் மாவு.

'ஒரு மாட்ச் அக்கா, ஒண்டே ஒண்டு.
இதால சுட்டுப் பாத்திட்டுப் படுப்பம்.'

இம்முறை நான்
சுவருக்குப் பின்னால் நின்றேன்.