கத்திரியில கத்திரி

எங்கள் கடையில் காரத்துக்கு நாலு படி:
மார்கழி, பங்குனி, சித்திரை, கத்திரி.
பெயர் வைத்தவர் முக்தியார் பாய்.
வேலூர்க்காரனுக்கு வெயிலைச் சொன்னால் போதும்,
மிளகாயை விளக்க வேண்டாம் என்பார்.

கத்திரி கேட்பது பெரும்பாலும்
காட்பாடியிலிருந்து பைக்கில் வரும் காலேஜ் பையன்கள்.
முதல் துண்டுக்குச் சிரிப்பார்கள்.
மூன்றாவதுக்கு ஒருவரும் பேசமாட்டார்கள்.
ஐந்தாவதில், மூக்கைத் துடைத்துக்கொண்டே
அம்மாவுக்குப் போன் போட்டவனை நான் பார்த்திருக்கிறேன்.

சைவத்துக்குப் பலகையின் அடியில்
பச்சைப் புள்ளி வைத்து மூன்றே வரி.
உருளை விரல். பனீர் பொரியல்.
மூன்றாவது நான் கண்டுபிடித்தது:
இலவம்பாடி முள்ளுக்கத்திரியைக் காம்போடு நாலாய்ப் பிளந்து
கோழிக்குப் பூசுகிற அதே காரமாவு.
"கத்திரியில கத்திரி ஒண்ணேய்" என்று
பிச்சாண்டி குரல் கொடுத்தால்
புது ஆட்கள் சமையலறையை எட்டிப் பார்ப்பார்கள்.

அதற்குத் தனிச் சட்டி, தனி எண்ணெய், தனி அரிகரண்டி.
சட்டியின் காதில் பச்சைப் பெயிண்ட்.
மாதத்துக்கொரு முறை தீய்ந்து கறுக்கும்,
மறுபடி நானே அடிப்பேன்.

பொக்காரோவிலிருந்து வந்தவர், மாஹ்தோ.
மனைவி ஆஸ்பத்திரியில், வயிற்றில் ஆபரேஷன்.
அவர் காந்தி ரோட்டுச் சந்தில் ஒரு லாட்ஜில்.
இரவு எட்டரைக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பார்.
கற்றுக்கொண்டிருந்த தமிழ் இரண்டே சொல்:
"தனி எண்ணெய்?"
நான் பச்சைக் காதைக் கரண்டியால் தட்டிக் காட்டுவேன்.
டங்.
தலையாட்டிவிட்டு உட்காருவார்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.
பெருமாளுக்காகக் கோழியை விட்டவர்கள் எல்லோரும்
அந்தச் சின்னச் சட்டியை நம்பி வந்துவிட்டார்கள்.
பதினான்கு சீட்டு கம்பியில் குத்தியிருந்தது.
பக்கத்தில் கோழிச் சட்டி
கொதிக்கக் கொதிக்கச் சும்மா ஈயோட்டிக்கொண்டிருந்தது.
ஒன்பதே காலுக்கு வார்டு கதவைச் சாத்திவிடுவார்கள் என்று
அவர் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினார்.

நாலு துண்டுதான்.
போட்டேன்.
பிச்சாண்டி தரை துடைத்துக்கொண்டிருந்தான்,
நிமிர்ந்தான், குனிந்தான்.

மறுநாள் மாஹ்தோ கேட்கவில்லை.
அதற்கடுத்த நாளும்.
எண்ணெயைப் பற்றி அவருக்கு இனிச் சந்தேகமே இல்லை போல.
கேட்காதவருக்கு நான் தினமும்
சட்டியைத் தட்டிக் காட்டினேன். டங். டங்.
பைத்தியமா அக்கா என்றான் பிச்சாண்டி.

ஐப்பசியில் ஒரு மதியம் இரண்டு பேராக வந்தார்கள்.
லக்கிமணி. ஒல்லி. தையல் போட்ட இடத்தில் உள்ளங்கை.
உட்காருவதற்கு முன்பே
கோழிப் படத்தின்மேல் விரலை வைத்தாள்,
பங்குனி என்றேன், தலையசைத்துச்
சித்திரைக்கு நகர்த்தினாள்.

புனேயில் நாலு வருடம் சப்ளையராக இருந்த பிச்சாண்டி
கேட்டுச் சொன்னான்:
இவங்க வீட்ல தினம் மீனு, கோழி எல்லாம் உண்டாம்க்கா.
பொண்டாட்டிய ஊர் கொண்டுபோய்ச் சேக்குற வரைக்கும்
தொடறதில்லன்னு இவரு ஒரு பேச்சு வச்சிருக்காராம்.
நாளைக்கு ரயிலு.

கரண்டி என் கையிலேயே இருந்தது.
லக்கிமணி எலும்பைக் கடித்துக் கண்ணீர் விட்டுச் சிரித்தாள்,
தையல் வலிக்கிறது என்று சிரிப்பை நிறுத்தினாள்,
மறுபடி சிரித்தாள்.

மாஹ்தோ ஏதோ சொன்னார். பிச்சாண்டி உடனே சொல்லவில்லை.
என்னடா?
"ஒரு சனிக்கிழம போட்டீங்களாமே, அந்த மாதிரி வேணுமாம்.
அன்னிக்குத்தான் ருசியாம்."

புது எண்ணெய் ஊற்றினேன் பச்சைக் காதில்.
மாவை இரண்டு தரம் புரட்டினேன்.
உப்பு பார்த்து, புளிப்பு பார்த்து,
கறிவேப்பிலை வேறு பொரித்துத் தூவினேன்.

ஒரு துண்டு மென்றார். இன்னொன்று.
கூரையைப் பார்த்து யோசித்தார்.
அன்னிக்கு மாதிரி இல்லியாம்க்கா.

மிளகாய் வேற, சொல்லு என்றேன்.
பிச்சாண்டி என்னைப் பார்த்தான்.
சொன்னான்.