எஃப்பிலும் ஜேயிலும்

பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருஷம்
கீபோர்டு செய்தேன்.
ஒரு நாளும் அதில் என் பெயரை அடித்ததில்லை.

என் மேசை கடைசி மேசை.
வலது ஆள்காட்டி விரலால்
எஃப்பைத் தொட வேண்டும், ஜேயைத் தொட வேண்டும்.
அந்த இரண்டு எழுத்தின் முதுகில் மட்டும்
நொய்யரிசி அளவுக்கு ஒரு மேடு.
இருக்கிறதா, இருக்கிறது, அடுத்தது.
இல்லாதது சிவப்புக் கூடைக்கு.
ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து நானூறு.
எதற்கு இந்த மேடு என்று
யாரும் சொல்லவில்லை.
நின்று கேட்டால் லைன் நிற்கும்.

பிறகு லைனே
மூட்டை கட்டிக்கொண்டு வியட்நாம் போனது.
எங்களுக்கு ஒரு கடிதம்,
எட்டு மாதச் சம்பளம்,
நன்றி என்று கிரீமில் எழுதிய கேக்.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு
ரெலாவ் அடுக்குமாடிக்குக் கீழே
மண்டபத்தில் இலவச வகுப்பு.
போன வாரக் கல்யாணத்து ரிப்பன்
விசிறியில் இன்னும் சுற்றுகிறது.
பன்னிரண்டு கணினி, ஒன்பது ஓடும்.
உட்காருமுன் ஒன்றைக் கவிழ்த்து
ஒட்டியிருந்த எண்ணைப் படித்தேன்.
எங்கள் கம்பெனி இல்லை.
வேறு யாரோ தொட்டு அனுப்பியது.

நோர்ஹயாத்தியின் மகன்
இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டுத் தூங்குகிறான்.
லோரி ஓட்டிய சின்னக்கருப்பனுக்கு
இடது பாதம் இல்லை, இனிப்புநீர்.
ஆன்லைனில் சரக்கு அனுப்பும் வேலை
உட்கார்ந்தே செய்யலாமாமே என்று வந்திருக்கிறார்.
சொல்லித்தரும் லோஷினிக்கு இருபத்து மூன்று வயது.
டிசம்பரோடு அவள் காண்டிராக்டும் முடிகிறது.

கையை எங்கே வைப்பது என்று
நான் எழுத்தெழுத்தாய்த் தேடிக்கொண்டிருக்க,
பக்கத்தில் மரியநாதன்
வெள்ளைக் கோலை மடித்து வைத்துவிட்டு
நேராகப் போய்க் கையை வைத்தார்.
பிறவியிலேயே பார்வை இல்லாதவர்.
எப்படிண்ணே?
"மேடு இருக்குல்ல, ரெண்டு எழுத்துல.
அதத் தொட்டாப் போதும்.
மத்ததெல்லாம் எங்க இருக்குன்னு விரலுக்குத் தெரிஞ்சிரும்."

நான் என் விரலைப் பார்த்தேன்.

சிவப்புக் கூடை நினைவு வந்தது.
அதைவிட, விடியற்காலை நாலு மணிக்கு
கண் சொக்கிய நேரத்தில்
மேடில்லாமலே நான் தள்ளிவிட்ட
ஒன்றிரண்டு.
எந்த ஊரில்
யார் கை அதில் தடுமாறிக்கொண்டிருக்கிறதோ.

ஆறாவது வாரம் வேலைக்கு விண்ணப்பம்.
ஐசியில் இருக்கிறபடி பெயர் என்றது.
ஐசியில் எனக்கும் அப்பாவுக்கும் நடுவே
ஒரு சாய்கோடு இருக்கிறது.
காந்திமதி ஏ/பி பெரியண்ணன்.
சிறப்புக் குறிகள் கூடாது என்று
பெட்டி சிவந்தது.
கோட்டை எடுத்தேன்.
ஏபி என்று ஏதோ ஒரு பேங்க் மாதிரி
நடுவில் நின்றது.

அனுபவம்: சுழியம் முதல் ஒன்று,
ஒன்று முதல் மூன்று, மூன்று முதல் ஐந்து,
ஐந்துக்கு மேல்.
பத்தொன்பதும் ஐந்துக்கு மேல்தானே,
அழுத்தினேன்.
திறன் என்ற இடத்தில் வெகுநேரம்
கோடு ஒன்று கண்சிமிட்டிக்கொண்டே இருந்தது.
"தரக் கட்டுப்பாடுன்னு போடுங்கக்கா" என்றாள் லோஷினி.
போட்டேன்.
நிமிடத்துக்கு முப்பத்தைந்து சொல் வேண்டுமாம்.
எனக்கு இருபத்திரண்டு.
அனுப்பு என்பதை அழுத்தியதும்
உங்கள் விண்ணப்பம் கிடைத்தது என்று
உடனே பதில்.
மனிதர் யாரும் அவ்வளவு வேகமாய்
எனக்குப் பதில் சொன்னதில்லை.
அதற்கப்புறம் மூன்று வாரமாய்
ஒன்றும் இல்லை.

இன்று எல்லாரும் போன பிறகு
ஒன்பது கீபோர்டையும் தொட்டுக்கொண்டே வந்தேன்.
பழக்கம்.
ஐந்தாம் நம்பரில் ஜே மழுங்கிப்போயிருக்கிறது.
லோஷினியிடம் நகப்பாலிஷ் கேட்டு வாங்கி
ஊசி முனையில் ஒரு சொட்டு எடுத்து
நடுவே வைத்தேன்.

சிவப்புதான், பரவாயில்லை.
காய வேண்டும்.
திங்கட்கிழமை வரைக்கும்
யாரும் ஜேயைத் தொடாதீர்கள்.